பாட்டும் அதட்டலும்

நீனா சிமோனைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் எல்லோரும் ஓர் அதட்டலைப் பற்றி எழுதாமல் எழுந்திருப்பதில்லை. 1976 ஜூலை 3-ம் தேதி ஸ்விட்ஸர்லாந்தில், மோந்த்ரோ என்ற ஏரிக்கரை ஊரின் கோடை சங்கீத விழாவில், அந்த அம்மாள் பியானோவின் முன் உட்கார்ந்து ஒரு பாட்டை எடுக்கிறார். சபையில் ஒரு பெண் எழுந்திருக்கிறாள். பாட்டு நின்று விடுகிறது. "உட்கார்" என்கிறார் நீனா. அவள் உட்காரவில்லை போலிருக்கிறது. மறுபடியும் உட்கார் என்கிறார். அப்புறம் இன்னொரு தடவை, இந்தத் தடவை கேட்பவனுக்கே முதுகு சில்லிடுகிற மாதிரி. அவள் உட்கார்ந்த பிறகுதான் விரல்கள் கட்டைகளுக்குத் திரும்புகின்றன.

இதை ஒரு வேடிக்கையாக எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு நோயின் அறிகுறியாக எழுதுகிறவர்களும் உண்டு. அன்றைக்கு அவர் என்ன வாசித்தார், எப்படிப் பாடினார் என்று எழுதியவர்கள் குறைவு. வித்வான் மேடையில் கோபித்துக்கொண்டால் கச்சேரி மறந்துபோய்க் கோபம் மட்டும் ஊரில் நிற்கிறது. இது எல்லாத் தேசத்துக்கும் பொது வழக்கம் போலும்.

அந்தக் கச்சேரி முழுதும் படமாகக் கிடைக்கிறது. ஏழே உருப்படிகள். ஒருமணி நேரம் என்று சொல்லலாம். நான் பல வருஷங்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன். மேல்நாட்டு சங்கீதத்தில் எனக்குப் பாண்டித்தியம் இல்லை; அவர்கள் ஸ்வரம் எழுதும் கோடுகளைப் பார்த்தால் தந்திக் கம்பியில் காக்கை உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும். கதை எழுதுகிறவன் என்ற ஹோதாவில்தான் இதைச் சொல்ல வருகிறேன். ஒரு மனுஷி சபைக்கு முன்னால் வந்து நின்று தன்னை எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு மறைப்பது என்று அந்தக் கணத்திலேயே தீர்மானிப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் அது. அந்த வேலை எனக்கும் கொஞ்சம் பழக்கமானது.

யூனிஸ் கேத்லின் வேமன் என்பது பெற்றோர் வைத்த பெயர். 1933 பிப்ரவரி 21-ம் தேதி, அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த டிரையன் என்ற சிற்றூரில் பிறந்தவர். நீக்ரோக் குடும்பம் என்று அந்தக் காலத்தில் எழுதுவார்கள். கறுப்பினக் குடும்பம் என்று இன்று எழுதுகிறோம். தாயார் மெதாடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்பவர், வெள்ளைக்காரர் வீட்டில் வேலையும் பார்த்தவர். குழந்தை கால் எட்டாத வயதிலேயே மாதாகோவிலில் வாசித்தது. தாயார் வேலை செய்த வீட்டு எஜமானியம்மாள் பாடத்துக்குப் பணம் கொடுத்தார். பிறகு ஊரே சேர்ந்து ஒரு நிதி திரட்டியது. கற்றுக்கொடுத்தவர் மியூரியல் மாஸனோவிச் என்ற ஆங்கிலேய அம்மாள். அவர் கற்றுக்கொடுத்தது பாக் என்ற ஜெர்மானிய மகாவித்வானின் சங்கீதம்.

இந்தப் பாக்கைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. நம் சங்கீதத்தில் ஒரு சமயத்தில் ஒரே ஸ்வரவரிசைதான் நடக்கும். பாடகர் முன்னே போவார், பிடில் நிழல் மாதிரி பின்னே வரும், பாதை ஒன்றுதான். பாக் விஷயம் வேறு. இடது கை ஒரு பாட்டைச் சொல்லும். அது முடிவதற்குள் வலது கை அதே பாட்டை இன்னோர் இடத்தில் எடுக்கும். மூன்றாவதாக ஒன்று இரண்டுக்கும் நடுவில் நுழையும். ஒன்று மற்றொன்றுக்குப் பக்கவாத்தியம் அல்ல. ஒரு வீட்டுக்குள் மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசி, மூவர் பேச்சும் கேட்பவனுக்கு விளங்கி, சேர்ந்தும் ஒரு பொருள் தருகிற அதிசயம் அது. இதைச் சிறு வயதிலிருந்து விரலில் ஏற்றிக்கொண்ட பெண், பிற்காலத்தில் வாயைத் திறந்து பாட ஆரம்பித்தபோது என்ன ஆகும்? குரல் இன்னொரு தனி ஆளாக வந்து சேர்ந்துகொள்ளும். நீனா சிமோனின் சங்கீதத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த சாவி இதுதான். மற்றப் பாடகிகள் தாங்களே பியானோ வாசித்தால் பியானோ பாட்டைத் தாங்கிப் பிடிக்கும். இவரிடம் பியானோ பாட்டோடு தர்க்கம் செய்யும்.

1957-ல் பதிவான அவருடைய முதல் இசைத்தட்டிலேயே இது இருக்கிறது. 'லவ் மீ ஆர் லீவ் மீ' என்று ஒரு பழைய நாடகமேடைக் காதல் பாட்டு, சாதாரணச் சரக்குதான். நடுவில் பியானோ தனியாக வருகிற இடத்தில் திடீரென்று பாக் எழுந்து நிற்கிறார். இரண்டு கையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. மதுக்கடைப் பாட்டு மாதாகோவிலுக்குள் நுழைந்து, எதுவும் நடக்காததுபோல் மறுபடி வெளியே வருகிறது.

மதுக்கடை என்று சொன்னதும் வாஸ்தவமான மதுக்கடைதான். கறுப்பினத்தில் முதல் பெரிய கச்சேரி பியானிஸ்ட் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருடைய ஊரார் ஆசையும் அதுவே. 1950-ல் நியூயார்க்கில் ஜூலியார்ட் பள்ளியில் கார்ல் பிரீட்பெர்க்கிடம் ஒரு கோடைகாலம் படித்தார். அடுத்து பிலடெல்பியாவில் கர்ட்டிஸ் சங்கீதப் பள்ளிக்கு மனுப் போட்டார். வாசித்துக் காட்டினார். இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நிறத்தினால்தான் என்று சாகும்வரை நம்பினார். அந்தப் பள்ளியில் ஜார்ஜ் வாக்கர் என்ற கறுப்பின இளைஞர் 1945-லேயே பட்டம் பெற்றிருக்கிறார் என்பதை எடுத்துக் காட்டுகிறவர்கள் உண்டு. ஒருவருக்குக் கதவு திறந்தது என்பதனால் இன்னொருவருக்கு நியாயமாகத்தான் மூடியது என்று ஆகிவிடாது. நியாயமில்லாமல் மூடியது என்றும் நிரூபணமாகாது. எனக்கு இதில் வழக்காடப் பிரியமில்லை. அந்த ஒரு மறுப்பு ஐம்பது வருஷம் அவர் கைகளில் இருந்தது. ஒவ்வொரு கச்சேரியிலும் அவர் தம்மை நிராகரித்த பரீட்சை அதிகாரிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதாகவே வாசித்தார் என்பதைக் காது உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளலாம். 2003-ல் அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அதே பள்ளி அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது.

1954 கோடையில் அட்லாண்டிக் ஸிடி என்ற கடற்கரை உல்லாச ஊரில் ஒரு மதுக்கடையில் பியானோ வாசிக்கச் சேர்ந்தார். மேலே படிக்கப் பணம் வேண்டும். முதல் நாள் வாசித்தார். பாடினால்தான் வேலை என்றார் முதலாளி. மறுநாள் பாடினார். பிரசங்கியான தாயாருக்குத் தெரியக்கூடாது என்று பெயரை மாற்றிக்கொண்டார்: 'நீனா' ஒரு காதலன் கூப்பிட்ட செல்லப் பெயர், 'சிமோன்' பிரெஞ்சு நடிகை சிமோன் சின்யொரேயிடமிருந்து எடுத்தது. குடிக்கிற கூட்டத்துக்கு நடுவே பால் வரவழைத்துக் குடித்துக்கொண்டு, பாக்கையும் மாதாகோவில் பாட்டையும் சினிமாப் பாட்டையும் ஒன்றாகப் பிசைந்து வாசித்த அந்தப் பெண், கடையில் யாராவது சத்தம் போட்டால் கையை எடுத்துவிடுவார். சத்தம் அடங்கும் வரை எடுத்தது எடுத்ததுதான். சங்கீதத்துக்காகவே வந்த காலேஜ் மாணவர்கள் குடிகாரர்களை அடக்கிவைப்பார்களாம்.

இன்னும் பின்னால் போகலாம். டிரையன் ஊர் நூலகத்தில் சிறு பெண்ணாக முதல் கச்சேரி செய்கிற அன்று, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாயையும் தகப்பனையும் வெள்ளைக்காரர்களுக்காக எழுப்பிப் பின்னால் அனுப்பினார்கள். குழந்தை பார்த்தது. அவர்கள் முன்வரிசைக்கு வந்தால்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டது. வந்தார்கள், பிறகு வாசித்தது. தம்முடைய சுயசரிதையில் இதை அவரே சொல்லியிருக்கிறார்.

சபையில் யார் எங்கே, எப்படி உட்கார வேண்டும் என்பதைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் பிறந்தது 1976-ல் அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மோந்த்ரோவுக்கு வாருங்கள்.

நடுவில் இருபது வருஷம். அதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நான் ஓடிவிடுகிறேன். 1959-ல் 'ஐ லவ்ஸ் யூ போர்கி' என்ற பாட்டு அவரைப் பிரசித்தமாக்கியது. முதல் இசைத்தட்டின் உரிமையை மூவாயிரம் டாலருக்குக் கொடுத்துவிட்டு லட்சங்களை இழந்தார். 1963-ல் மிஸிஸிப்பியில் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருஷம் செப்டம்பரில் பர்மிங்ஹாம் நகரத்து மாதாகோவிலில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் செத்தார்கள். அதிலிருந்து அவர் சங்கீதம் வேறு சங்கீதம். கறுப்பினத்தாரின் உரிமைப் போராட்டத்தில் முழுகினார். தலைவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், இயக்கம் தணிந்தது, கல்யாணமும் முறிந்தது. 1970-ல் அமெரிக்காவை விட்டு பார்படோஸ் தீவுக்குப் போனார். 1974-ல் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா அழைக்க லைபீரியா. அங்கிருந்து ஸ்விட்ஸர்லாந்து. மோந்த்ரோ மேடை ஏறியபோது வயது நாற்பத்து மூன்று.

மோந்த்ரோ ஜெனிவா ஏரியின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. க்ளோட் நோப்ஸ் என்பவர் நண்பர்களோடு 1967-ல் ஆரம்பித்த விழா. 1971 டிசம்பரில் விழா நடக்கும் சூதாட்ட மாளிகை வேறு ஒரு கச்சேரியின் நடுவே தீப்பிடித்து எரிந்தது. 1975-ல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். அந்தப் புது மண்டபத்தில்தான் இந்தக் கச்சேரி. 'ஜாஸ்' விழா என்று பெயர். நீனாவுக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. கறுப்பர்கள் எதை வாசித்தாலும் வெள்ளையர்கள் ஒட்டுகிற சீட்டு அது என்பார். நான் வாசிப்பது கறுப்பர்களின் சாஸ்திரீய சங்கீதம் என்பார்.

மேடைக்கு வருகிறார். குட்டையாக வெட்டிய தலைமயிர், கறுப்பு உடை. குனிந்து வணங்குகிறார். மேல்நாட்டு வழக்கப்படி தலையை ஆட்டுகிற வணக்கம் அல்ல. இடுப்பு வரை மடிந்து, அப்படியே நெடுநேரம் இருக்கிறார். கைதட்டல் எழுகிறது, ஓய்கிறது. நிமிர்ந்து, சிரிக்காமல், சபையைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். யாரையோ தேடுகிறாரா, எதையோ மறந்துவிட்டாரா, இல்லை இந்த ஜனங்களை எடை போடுகிறாரா? 2015-ல் வந்த அவருடைய வாழ்க்கைப் படம் இந்தப் பார்வையோடுதான் ஆரம்பிக்கிறது, அடுத்து வரப்போகிற துன்பங்களுக்கெல்லாம் முன்னறிவிப்பு மாதிரி. படம் எடுத்தவர்கள் திறமைசாலிகள். ஆனால் ஒரு முகத்தின் மேல் இருபது வருஷத்து வாழ்க்கையை வைத்துவிட்டால் அந்த முகம் எதை வேண்டுமானாலும் சொல்லும். வெறுமனே கச்சேரியை மட்டும் பார்க்கிறவனுக்கு அந்த மௌனம் ஒரு சுருதி சேர்த்தல். சபை அவர் வேண்டுகிற ஸ்தாயிக்கு வருகிறவரை காத்திருக்கிறார்.

பிறகு உட்கார்ந்து பேசுகிறார். உங்களைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று. ஜாஸ் விழாக்களில் இனிப் பாடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். இன்று சிறிது நேரம் உங்களோடு இருந்துவிட்டு, இதைவிட மேலான ஒரு வகுப்புக்குத் தேறிப் போகப்போகிறேன், நீங்களும் கூட வருவீர்கள் என்று நம்புகிறேன். ஏறக்குறைய இந்த அர்த்தத்தில். பள்ளிக்கூடப் பாஷை! கர்ட்டிஸ் பள்ளிக் கதவு இருபத்தைந்து வருஷம் கழித்து, வேறொரு கண்டத்தில், ஒரு சூதாட்ட மாளிகையில் அந்தப் பேச்சில் எட்டிப் பார்க்கிறது.

முதல் உருப்படி 'லிட்டில் கேர்ள் ப்ளூ'. 1935-ல் நியூயார்க்கில் நடந்த சர்க்கஸ் கதை நாடகம் ஒன்றில் ராட்ஜர்ஸும் ஹார்ட்டும் எழுதிய பாட்டு. நிராதரவான ஒரு பெண் விரல்விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான் விஷயம். 1957-ல் இதைப் பதிவு செய்தபோது நீனா ஒரு காரியம் செய்தார். பியானோவில் 'குட் கிங் வென்ஸஸ்லஸ்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டை வாசித்துக்கொண்டு, அதன்மேல் இந்தப் பாட்டைப் பாடினார். பண்டிகைப் பாட்டும் தனிமைப் பாட்டும் ஒரே சமயத்தில். பக்கத்து வீட்டில் பண்டிகை நடக்க, இந்தப் பெண் தன் ஜன்னலில் உட்கார்ந்திருப்பதாகக் கேட்பவனுக்குத் தோன்றிவிடுகிறது. பாட்டில் எழுதப்படாத ஒரு கதையை இடது கை எழுதுகிறது. இவ்வளவு சிக்கனமாகக் கதை சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால் பல நாவல்களைப் பாதிப் பக்கங்களில் முடித்திருப்பேன்.

மோந்த்ரோவில் அதே பாட்டு, பத்தொன்பது வருஷம் கழித்து. குரல் இன்னும் கீழே இறங்கியிருக்கிறது. அவருக்கு எப்போதுமே கீழ் ஸ்தாயிக் குரல். கண்ணை மூடிக் கேட்டால் ஆணா பெண்ணா என்று சில இடங்களில் தெரியாது. இனிமை என்று நாம் சொல்கிற குணம் அதில் கொஞ்சம்தான். ஓரங்களில் பிசிறு. நீட்டிய ஸ்வரம் நடுங்கும். சில சமயம் சுருதிக்குக் கீழேயே நிற்கும். ஆனால் சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக, இப்போதுதான் யோசித்துச் சொல்வதுபோல் வந்து விழுகிறது. 1957-ல் ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்து இரக்கப்பட்டுப் பாடினாள். 1976-ல் இரக்கம் இல்லை. பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவள் வேறு யாருமல்ல என்று பாடகிக்கும் தெரியும், சபைக்கும் தெரியும்.

'பாக்லாஷ் ப்ளூஸ்', கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸ் அவருக்குக் கொடுத்த கவிதை. ஹ்யூஸ் 1967-ல் காலமானார். மோந்த்ரோவில் அவர் பெயரைச் சொல்லி, அவர் தம்மிடம் சொன்ன வார்த்தைகளைப் பாட்டுக்குள்ளேயே சேர்த்துப் பாடுகிறார். இங்கே பியானோ சம்மட்டி. சபை உற்சாகமாகிறது. எனக்கு இது மற்றவற்றுக்கு ஒரு மாற்றுக் குறைவு. கோபம் பழகிப்போன கோபமாக இருக்கிறது. அடுத்து வரும் 'பீ மை ஹஸ்பண்ட்' முன்னாள் கணவர் ஆண்டி ஸ்ட்ரௌட் பெயரில் உள்ள பாட்டு. அவர் போலீஸில் இருந்தவர், நீனாவுக்கு மானேஜராக இருந்தவர். அவரிடம் அடிபட்டதை நீனா எழுதியிருக்கிறார். என் கணவனாக இரு என்று கெஞ்சுகிற பாட்டை, எழுதியவனை விட்டு விலகிய பிறகு பாடுகிறார். வேலைக்காரர்கள் மண் வெட்டும்போது பாடுகிற பாட்டின் தாளம். கெஞ்சல் எங்கே முடிந்து ஏளனம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

'ஐ விஷ் ஐ நியூ' பில்லி டெய்லர் மெட்டமைத்தது. விடுதலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் தேவலையே என்று ஏங்குகிற பாட்டு. உரிமைப் போராட்ட காலத்தில் ஊர்வலங்களுக்குச் சொந்தமானது. மோந்த்ரோவில் ஏக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்துவிட்டது, சங்கிலி இல்லை, பயம் இல்லை என்று சொந்தச் சொற்களில் மனோதர்மமாகப் பாடிப் போகிறார். நிரவல் மாதிரி அந்த ஒரே கருத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இது வெற்றிப் பாட்டு என்று பல ரசிகர்கள் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. தெரியும், தெரியும் என்று ஒருவர் இத்தனை தடவை சொன்னால் கதை எழுதுகிறவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஏங்கிப் பாடிய 1967-ம் வருஷத்துப் பதிவில் உள்ள விடுதலைகூட இதில் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்தப் பொய், பொய் என்றே வைத்துக்கொண்டால், எவ்வளவு உருக்கமான பொய்!

இப்போது அந்த அதட்டல்.

'ஸ்டார்ஸ்' என்ற பாட்டை எழுதியவர் ஜானிஸ் இயன். சின்னப் பெண்ணாகவே பிரசித்தி அடைந்து, அந்தப் பிரசித்தியால் சீரழிந்து, மறுபடி எழுந்தவர். பிரசித்தி வந்தவர்களும் வந்து போனவர்களும் என்ன ஆகிறார்கள் என்பதே பாட்டு. அதை எடுப்பதற்கு முன் நீனா வேறொரு ஜானிஸைப் பற்றிப் பேசுகிறார்: 1970-ல் இருபத்தேழு வயதில் இறந்த ஜானிஸ் ஜாப்ளினைப் பற்றிய படத்தைப் பார்த்தாராம். அந்தப் பெண் அவ்வளவு பாடுபட்டுப் பாடியது செத்த பிணங்களுக்கு முன்னால் என்பதுதான் தம்மை வருத்தியது என்கிறார். டேவிட் போவி வந்திருக்கிறாரா என்று சபையைக் கேட்கிறார். பேச்சு இங்கும் அங்கும் அலைகிறது. பியானோவைத் தொடுகிறார். பாட்டு ஆரம்பிக்கிறது. அப்போதுதான் அந்தப் பெண் எழுந்திருக்கிறாள்.

அவளுக்கு என்ன அவசரமோ. கடைசி ரயிலோ, தாகமோ. அவள்மேல் எனக்கு அனுதாபம் உண்டு. என் புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டு எழுந்து போகிறவர்களை நான் பார்ப்பதில்லை. எழுத்தாளனுக்கு ஆண்டவன் செய்த பெரிய உபகாரம் அது. பார்த்தால் ஒருவேளை நானும் அதட்டுவேன். ஆனால் பிணங்களுக்கு முன்னால் பாடிச் செத்தவளைப் பற்றிப் பேசிவிட்டு, கலைஞர்களைத் தின்று தீர்க்கிற கூட்டத்தைப் பற்றிய பாட்டை எடுக்கிறபோது அந்தக் கூட்டத்தில் ஒருத்தி எழுந்து நடந்தால், அதை வாசிப்பின் பகுதி என்று எடுத்துக்கொள்வதா, வெளியே இருந்து வந்த இடைஞ்சல் என்பதா? நீனா அதைப் பாட்டுக்குள் இழுத்துக்கொண்டார். அதட்டலுக்குப் பின் வரும் முதல் அடி அதற்கு முன்னால் வந்ததைவிடத் தாழ்ந்த குரலில், ஏறக்குறைய ரகசியமாக வருகிறது. இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த சபை அந்தக் கணத்திலிருந்து மூச்சை அடக்கிக் கேட்கிறது. படத்தில் இது நன்றாகவே தெரிகிறது.

அவருக்குப் பிற்காலத்தில் மனநோய் என்று வைத்தியர்கள் கண்டார்கள். உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மனம் மாறி மாறிப் போகிற நோய். மருந்தும் சாப்பிட்டார். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மோந்த்ரோ மேடையில் பேச்சு தடம் மாறுகிற இடங்கள் இருக்கின்றன. பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நோய்க்கு எதைக் கொடுப்பது, மனுஷிக்கு எதைக் கொடுப்பது என்பதில் விமர்சகர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். நூலகத்தில் பெற்றோரை முன்வரிசைக்குக் கொண்டுவந்த குழந்தைக்கு நோயில்லை. மதுக்கடையில் கையை எடுத்த இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு இருந்தது வாசிக்கிற சங்கீதத்தைப் பற்றிய மரியாதை. பாக்கை வாசிக்கிற வெள்ளைக்கார வித்வானுக்கு முன்னால் யாரும் எழுந்து நடமாடுவதில்லை. இருமலைக்கூட உருப்படிகளுக்கு நடுவில்தான் இருமிக்கொள்கிறார்கள். அதே மரியாதையைத் தனக்கும் கொடு என்று அவர் கேட்டார். கேட்ட தோரணை சரியில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். தோரணை சரியாக இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களா என்பது வேறு கேள்வி.

'ஸ்டார்ஸ்' அப்படியே 'ஃபீலிங்ஸ்' என்ற பாட்டுக்குள் நழுவுகிறது. கச்சேரியின் சிகரம் இதுதான்.

'ஃபீலிங்ஸ்' அந்தக் காலத்தில் உலகமெங்கும் ஹோட்டல் கூடங்களிலும் மாடி ஏறும் லிப்டுகளிலும் கேட்ட பாட்டு. பிரேஸில் தேசத்துப் பாடகர் மோரிஸ் ஆல்பர்ட் பெயரில் வந்தது. மெட்டு 1956-ல் பிரெஞ்சுக்காரர் லூலூ காஸ்தே போட்டது என்று பிற்பாடு, 1980-களில், அமெரிக்க நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. ஒரு காதலை மறக்க முடியவில்லை என்பதை ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பிழிகிற பாட்டு, சர்க்கரைப் பாகு. நல்ல ரசனை உள்ளவர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். நீனாவுக்கும் அது தெரியும். பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டு, இப்படி ஒரு பாட்டை எழுதும்படி செய்த நிலைமைதான் எப்பேர்ப்பட்ட நிலைமை என்று சபையைப் பார்த்துச் சொல்லுகிறார். சபை சிரிக்கிறது. பாட்டைக் கேலி செய்யப்போகிறார் என்று எதிர்பார்க்கிறோம்.

கேலி செய்யவில்லை. மறுபடி கட்டைகளுக்குத் திரும்பி, அந்தச் சர்க்கரைப் பாகை ஒரு ராக ஆலாபனைக்குரிய பொறுமையோடு எடுக்கிறார். முதலில் இரண்டு விரலுக்கு மேல் வேலை இல்லை. அப்புறம் இடது கை விழித்துக்கொள்கிறது. மெட்டின் துண்டுகள் மேலும் கீழும் ஒன்றுக்கொன்று பதில் சொல்ல ஆரம்பிக்கின்றன. டிரையனில் கற்ற பாடம் வந்துவிட்டது. அதிலிருந்து கனத்த ஸ்வரக்கூட்டங்கள், ருஷ்ய வித்வான்கள் எழுதுகிற மாதிரி, இரண்டு கையும் கொள்ளும் மட்டும். கச்சேரி மண்டபங்களில் பலர் பக்கவாத்தியத்தோடு அவர் வாசித்திருக்க வேண்டிய சங்கீதம் அது. வாசிக்கக் கிடைக்கவில்லை. அதை இந்த லிப்டுப் பாட்டுக்குள் போட்டு வாசிக்கிறார். பாடச் சொல்லிச் சபையைக் கெஞ்சுகிறார். கைதட்டுங்கள், உங்களுக்கு என்ன வந்தது என்று கடிந்துகொள்கிறார். சாவு வரையில் இந்த உணர்ச்சியை யாரும் பறிக்க முடியாது என்று சொந்தமாகச் சொற்கள் சேர்க்கிறார். மலிவான பாட்டு என்பதும், மலிவான பாட்டிலும் ஒரு மனுஷன் அழுதிருக்கிறான் என்பதும், இரண்டும் ஒரே சமயத்தில் கேட்கின்றன. இரண்டு கைக்கு இரண்டு அபிப்பிராயம். அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

குறை சொல்ல இடமுண்டு. 'ஸ்டார்ஸ்' முன்னால் வரும் பேச்சு நீளம். சில இடங்களில் காலப்பிரமாணம் அவர் இஷ்டத்துக்கு நீண்டு, தாளக்காரர் எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் திணறுவதாகத் தோன்றுகிறது. இவரைத் தெய்வமாக்கிவிட்ட ரசிகர்கள் இதையெல்லாம் ஒப்புக்கொள்வதில்லை. இருக்கட்டும். 1957-லிருந்து வந்த சுத்தமான இசைத்தட்டுகள் என்னிடம் இருக்கின்றன; அவற்றில் இந்தக் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் கை போவது மோந்த்ரோவுக்குத்தான்.

கடைசி உருப்படி 'ஆப்பிரிக்கன் மெயில்மேன்'. பலர் இதைத் தள்ளிவிட்டு 'ஃபீலிங்ஸ்' முடிந்ததும் படத்தை நிறுத்திவிடுகிறார்கள். சொல்லே இல்லாத உருப்படி, கை மட்டும். இதுவும் முதல் பாட்டும் 1957-ல் நியூயார்க்கில், ஒரே பதிவுச் சமயத்தில் பிறந்தவை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த மூவாயிரம் டாலர். மோந்த்ரோவில் இடது கை ஒரே தாளத்தை விடாமல் அடிக்க, வலது கை அதன்மேல் ஏறி ஓடுகிறது. முகத்தில் இருந்த கடுமை இங்கே தளர்கிறது. சபையை அவர் பார்க்கவே இல்லை. யாராவது எழுந்து போயிருந்தாலும் அந்தச் சமயத்தில் அவருக்குத் தெரிந்திருக்காது.